ஸ்டாப்பிங்ல நிறுத்தினதுதான் நான் பண்ண தப்பு

முதல்லயே உண்மைய ஒத்துக்கறேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். அதுல முப்பது வருஷம் எந்த ஸ்டாப்பிங்லயும் நான் ஒழுங்கா நிறுத்தினதில்ல. சிரிக்காதீங்க! புதுசா டூட்டி ஏறப்போற தம்பிங்க, தங்கச்சிங்க எல்லாரும் ஆறே மாசத்துல அப்படித்தான் ஆகப்போறீங்க. அதுக்கு முன்னாடி பிடிச்சு உக்கார வெச்சுச் சொல்லிடணும்னுதான் இதை எழுதறேன். கிளட்ச், கியர் எல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுப்பாங்க, அதுல நான் தலையிட மாட்டேன்.

ஜிஎஸ்டி ரோடு உங்களுக்குத் தெரியும். தாம்பரத்துல கிளம்பி இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி கூடுவாஞ்சேரி. அதுதான் நான் போய்ப் போய் வந்த ரூட்டு. எந்த ஸ்டாப்பிங்ல பாத்தாலும் ஷெல்டருக்கு நேரா நாலு ஷேர் ஆட்டோ நிக்கும். அது பத்தாதுன்னு ஒரு கொய்யாப்பழ வண்டி. அதுக்குள்ள பஸ்ஸை நுழைச்சா வெளிய எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். அதனால நாம இன்னா பண்ணுவோம்? ஷெல்டரைத் தாண்டி எண்பது நூறு அடி தள்ளி, ரோட்டு மேலயே நிறுத்துவோம். ஜனங்க ஓடி வந்து ஏறுவாங்க.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, டிப்போவுக்கு வெளிய யாரும் வாய் தொறக்க மாட்டோம். தள்ளி நிறுத்தினா ஓடி வர்றவன் மட்டும்தான் ஏறுவான். மெதுவா வர்றவங்க நின்னுடுவாங்க. மெதுவா ஏறுறவங்க இல்லன்னா ட்ரிப் டயம் மிச்சம். யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, சத்தியமா. எனக்கு சீனியர் பண்ணாரு, நான் பண்ணேன், என்னைப் பாத்து அடுத்தவன் பண்ணான். அவ்ளோதான்.

எனக்கு சர்வீஸ் முடிய ஒரு வருஷம் இருக்கும்போது டிப்போவுக்கு அந்த வண்டி வந்துச்சு. அடேயப்பா! அம்பத்தேழு வயசுல நான் அன்னிக்கு ஓடின ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். தாழ்தள வண்டி. படிக்கட்டே கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினா உஸ்ஸுன்னு காத்தை விட்டுட்டு இடது பக்கம் அப்படியே கீழ எறங்குது. பாகன் ஏறுறதுக்கு யானை முட்டி போடும்ல, அச்சு அசலா அதே மாதிரி. நடு வாசல்ல ஒரு சாய்வுப் பலகை மடிச்சு வெச்சிருக்கான், எடுத்துப் போட்டா சக்கர நாற்காலிகூட உள்ள வந்துடும். நான் அந்தப் பட்டனை ஏழெட்டு வாட்டி தட்டித் தட்டிப் பாத்தேன். மெக்கானிக் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்.

பிராஞ்ச் மேனேஜர் என்னையும் என் கண்டக்டர் அருளையும் கூப்பிட்டார். "மூர்த்தி, மூணு வாரம் உங்க ரூட்ல ஓட்டிப் பாக்கப் போறோம். வயசானவங்க, முடியாதவங்க இதுல ஏறணும், டயமும் தவறக்கூடாது. ரெண்டுல எது தப்பினாலும் வண்டி வேற ரூட்டுக்குப் போயிடும்"னார். நான் "ஜமாய்ச்சுடலாம் சார்"னேன். என் வாய் எப்பவுமே அப்படித்தான், யோசிக்கறதுக்கு முன்னாடி வந்துடும்.

மறுநாள் ஆள் ஏத்தாம ஒரு வெள்ளோட்டம். கூடுவாஞ்சேரில இருந்து திரும்பி வரும்போது, ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டி ஒரு வேப்பமரத்தடில வண்டியை ஓரங்கட்டினேன். டொக்கு டொக்குன்னு கைத்தடியால யாரோ வண்டியைத் தட்டினாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும், பருத்திப் புடவை, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. பேரு ரஞ்சிதம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. குரலைக் கேட்டாலே தெரியும், மைக்கே வேணாம்.

"டிரைவர் சார், இந்த வண்டிதான் கீழ எறங்குமாமே? காட்டுங்க பாப்போம்."

நான் பட்டனைத் தட்டினேன். உஸ்ஸுன்னு எறங்குச்சு. அவங்க அப்படியே வாயில கை வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் தடியை ஊணிக்கிட்டு நின்னபடியே விஷயத்தைச் சொன்னாங்க. அவங்க அக்கா புஷ்பம் இரும்புலியூர்ல வயசானவங்களைப் பாத்துக்கற ஒரு ஹோம்ல இருக்காங்க. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு. தினமும் நடந்தா எழுந்துடுவாங்க, இல்லன்னா படுக்கைதான்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். ஆனா அந்த அம்மா ஹோம்ல யார் சொன்னாலும் எழுந்திருக்கறதில்ல. தங்கச்சி வந்து கத்தினாதான் கால் தரையில படும்.

"நான் தினம் போய்க்கிட்டுதான் இருந்தேன். போன மாசம் பஸ் படியில வழுக்கி விழுந்தேன். அதுலேர்ந்து என் மகன் விடமாட்டேங்கறான். ஞாயித்துக்கிழமை மட்டும் கார்ல கூட்டிட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை மட்டும் நடந்தா இடுப்பு கூடுமா? சொல்லுங்க" அப்படின்னாங்க. "இந்த வண்டி தினம் வருமா?"

"வரும்மா! நாளைக்கு பத்தே முக்காலுக்கு உங்க ஸ்டாப்பிங்ல நிப்பேன். உங்களை ஏத்தாம போகமாட்டேன்"னு வாக்கு குடுத்துட்டேன்.

மறுநாள் என்ன ஆச்சுன்னு கேளுங்க. நான் மனசுல முடிவே பண்ணிட்டேன், புது வண்டி, புது ஆளு, எல்லாம் ரூல் படி. அந்த ஸ்டாப்பிங்ல நல்லவேளையா ஒரே ஒரு ஆட்டோதான். ஹாரன் அடிச்சு விலக வெச்சேன். ஷெல்டருக்கு நேரா, நடைபாதையை ஒட்டி, ஒரு ஜாண் இடைவெளி கூட இல்லாம கொண்டுபோய் நிறுத்தினேன். பட்டனைத் தட்டினேன். வண்டி முட்டி போட்டுச்சு. கதவைத் திறந்தேன். எனக்கே என்னைப் பாத்து பெருமை தாங்கல!

ஷெல்டர்ல ஒரு ஈ காக்கா இல்ல.

நிமிர்ந்து பாத்தா, நூறு அடி தள்ளி வேப்பமரத்தடில எட்டு பேர் நிக்கறாங்க. எல்லாரும் வயசானவங்க. நடுவுல ரஞ்சிதம்மா. அவங்களுக்கு அதுதானே ஸ்டாப்பிங்! எந்த பஸ் ஷெல்டர்ல நின்னிருக்கு? ஓட முடியாதவங்க எல்லாம் பஸ் எங்க நிக்குமோ அங்கேயே முன்கூட்டிப் போய் நின்னு பழகிட்டாங்க. இப்ப நான் இங்க நிறுத்தினதும் அந்த எட்டு பேரும் திரும்பி என்னை நோக்கி வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் ஓடவே ஓடறார். பின்னாடி ரெண்டு லாரி, ஒரு தண்ணி டேங்கர், காது கிழியுற ஹாரன். எனக்கு பதட்டம். சரி, அவங்க கிட்டயே போயிடுவோம்னு கதவை மூடி, வண்டியைத் தூக்கி, நகந்தேன். அதுக்குள்ள அவங்க பாதி தூரம் வந்துட்டாங்க. நான் மரத்தடிக்குப் போனா அவங்க திரும்ப மரத்தடிக்கு வரணும். டேங்கர்காரன் ஹாரனை விட்டு கையை எடுக்கல. நான் போயிட்டேன்.

ஆமா, போயிட்டேன். கண்ணாடியில பாத்தா ரஞ்சிதம்மா ஷெல்டருக்கும் மரத்துக்கும் நடுவுல, தடியைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. அருள் பின்னாலேர்ந்து வந்தான். கத்துவான்னு நினைச்சேன், கத்தல. "அண்ணா, நீங்க முப்பது வருஷமா அங்கதான் நிறுத்துவீங்கன்னு நம்பித்தான் அவங்க அங்க நின்னாங்க"ன்னான்.

ரெண்டாம் நாள் மரத்தடிக்கே போய் நிறுத்தினேன். அது அதைவிட பேஜார். அங்க நடைபாதை இல்ல, தார் முடிஞ்சு மண்ணு சரிவு. வண்டி முட்டி போட்டாலும் அவங்க நிக்கற இடம் பள்ளம், பலகையைப் போட்டா செங்குத்தா நிக்குது. ரஞ்சிதம்மா ஒரு காலைத் தூக்கறாங்க, வைக்கறாங்க, முடியல. ரெண்டு காலேஜ் பொண்ணுங்க எறங்கி ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கி உள்ள வெச்சாங்க. "தூக்கி வைக்க நான் என்ன பார்சலா?"ன்னு பஸ்ஸே அதிர்ற மாதிரி கேட்டாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல, அவ்ளோ வெக்கம். எட்டு பேரும் ஏற அஞ்சு நிமிஷம். சாயங்காலம் மேனேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கினார்.

"நாளைலேர்ந்து நீங்க ஷெல்டர்ல நில்லுங்கம்மா"ன்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கு அவங்க, "நீங்க ஒருத்தர் அங்க நிறுத்துவீங்க. உங்க வண்டி என்னிக்காவது வரலன்னா? மத்த டிரைவருங்க எல்லாம் மரத்தடில இல்ல நிறுத்தறாங்க?"ன்னாங்க. நியாயம்தானே. ஒரு டிரைவர் மட்டும் திருந்தினா ஜனங்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். இதை நான் கத்துக்க முப்பது வருஷம் ஆயிருக்கு பாருங்க.

அந்த வாரம் என் லீவு நாள்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அந்த ஸ்டாப்பிங்குக்குப் போனேன். பொண்டாட்டி, "லீவுலயும் பஸ்ஸா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு"ன்னா. பிடிச்சுதான் இருந்துச்சு. அன்னிக்கு புது வண்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால ரஞ்சிதம்மா மகனுக்குத் தெரியாம சாதா பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. வீம்புக்கு ரெண்டு பேரும் ஷெல்டர்லயே நின்னோம். முதல் வண்டி எங்களைத் தாண்டி எங்கயோ போய் நின்னுச்சு. நான் ஓடினேன், கிளம்பிடுச்சு. ரெண்டாவது வண்டிக்கு உயிரைக் குடுத்து ஓடினேன். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு தேஞ்சுபோன முட்டி என்னுது, நாலு எட்டுல மளுக்குன்னுச்சு. படிக்கட்டைத் தொடறதுக்கு ஒரு கை தூரம், வண்டி போயிடுச்சு. ஓட்டினது யாரு தெரியுமா? செல்வம். இருபது வருஷமா என் கூட ஒரே டம்ளர்ல டீ குடிக்கறவன்.

ரஞ்சிதம்மா அன்னிக்கு இரும்புலியூர் போகல. ஷெல்டர்ல உக்காந்து போன் போட்டாங்க. "அக்கா, நான் வரல. நீயா எழுந்திரி. எழுந்திரிக்கறியா இல்லையா?" அந்தப் பக்கம் என்ன பதிலோ, போனை மடியில வெச்சுட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குரல் அடங்கிப்போய் நான் பாத்தது அன்னிக்குத்தான் முதல் தடவை. எனக்கு அழுகையா வந்துச்சு, கோபமாவும் வந்துச்சு. யார் மேல கோபப்படறது? எல்லாம் எங்க ஆளுங்கதான், நானுந்தான்.

மறுநாள் டிப்போ கேன்டீன்ல அந்த ரூட்டு டிரைவருங்க எல்லாரையும் உக்கார வெச்சேன். "மச்சான்களா, இனிமே எல்லாரும் ஷெல்டர்லதான் நிறுத்தணும்"னேன். ஒரே கூச்சல். "டயத்தை நீ வந்து குடுப்பியா?"ன்னு ஒருத்தன். "நாளைக்கு வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்லுவ"ன்னு இன்னொருத்தன். நான் கையமர்த்திட்டு செல்வத்தைப் பாத்தேன்.

"செல்வம், நேத்து பதினோரு மணி வாக்குல வேப்பமரத்தடில எடுத்தியே, கண்ணாடியில யாராவது ஓடி வந்ததைப் பாத்தியா?"

"ஆமா மச்சான், வெள்ளைச் சட்டை. ஏதோ பெருசு ஒண்ணு நொண்டிக்கினு வந்துச்சு. அதுக்காக நின்னா முடியுமா?"

"நான்தான்டா அந்தப் பெருசு."

செல்வம் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு யாரோ ஒருத்தன் பக்குன்னு சிரிச்சான், அப்புறம் எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தனும் தன் முட்டியைத் தடவிக்கிட்டான். அங்க இருந்ததுல பாதி பேருக்கு மேல அம்பதைத் தாண்டினவங்க. செல்வம் எழுந்து வந்து என் முட்டியைத் தொட்டுப் பாத்தான். "வலிக்குதா மச்சான்?"னான். "நீ நாளைக்கு ஷெல்டர்ல நிறுத்து, வலி போயிடும்"னேன்.

டிரைவருங்க சரி, ஆட்டோக்காரங்க? அதுக்கு ரஞ்சிதம்மா நேரா களத்துல எறங்கிட்டாங்க. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் கிட்ட போய், "நீங்க எல்லாரும் மரத்தடிக்குப் போங்க, பஸ் இங்க வரட்டும்"னாங்க. "இன்னாம்மா நீ, அத்தாண்ட போனா சவாரி எப்டி வரும்?"னு அவர் எகிறினார். "பஸ்ல எறங்கறவங்க தெருவுக்குப் போக அந்தப் பக்கம்தானே நடக்கணும்? உன்னைத் தாண்டி எங்கய்யா போவாங்க? நிழலும் கீது, நீ வெயில்ல காயற எடத்தை எங்களுக்குக் குடு"ன்னு அவர் பாஷையிலயே போட்டாங்க பாருங்க ஒரு போடு! ஆட்டோ எல்லாம் மரத்தடிக்குப் போச்சு, பஸ் ஷெல்டருக்கு வந்துச்சு. ரெண்டு கூட்டமும் இடம் மாத்திக்கிட்டாங்க, அவ்ளோதான் விஷயம்.

அடுத்த வாரம் அருள் என் காதுகிட்ட வந்து, "அண்ணா, ஒரு அதிசயம் கவனிச்சீங்களா? டயம் மிச்சம் ஆவுது!"ன்னான். அட, ஆமா! யாரும் ஓட வேணாம், யாரும் படியில முட்டிக்க வேணாம். ஷெல்டர்ல வரிசையா நிக்கறாங்க, வண்டி முட்டி போடுது, வீட்டு வாசல்ல நுழையற மாதிரி உள்ள வந்து உக்காந்துடறாங்க. தள்ளி நிறுத்தினா நேரம் மிச்சம்னு எவனோ என்னிக்கோ சொன்னதை, ஒரு நாள்கூட வாட்சைப் பாத்து சரி பண்ணாம முப்பது வருஷம் நம்பியிருக்கேன். என்ன மடத்தனம்!

மூணாவது வாரம், கடைசி நாள். மேனேஜரே ஒரு பேப்பரும் பேனாவுமா முன் சீட்ல உக்காந்துட்டார். வண்டலூர்க்கிட்ட நெரிசல் இருக்குன்னு முன்னாலயே தெரியும், அதனால ஒவ்வொரு நிமிஷமும் தங்கம். எங்க ஸ்டாப்பிங் வந்துச்சு. எல்லாரும் ஷெல்டர்ல நிக்கறாங்க, ரஞ்சிதம்மா மட்டும் இல்ல. திரும்ப விழுந்துட்டாங்களா? மகன் தடுத்துட்டானா? நான் கதவை மூடாம இருந்தேன். மேனேஜர் வாட்சைப் பாக்கறார். ஏறினவங்கள்ல ஒருத்தர், "அவங்க விடிஞ்சதுமே மகன் கார்ல போயிட்டாங்கப்பா, நீ எடு"ன்னார். எடுத்தேன், ஆனா மனசு எடுக்கல. வண்டலூர் நெரிசலை எப்படியோ நீந்தி, இரும்புலியூருக்கு வரும்போது சரியா டயத்துக்கு இருந்தோம்.

ஷெல்டர்ல ரஞ்சிதம்மா நிக்கறாங்க. பக்கத்துல வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு அம்மா. அதே மூக்கு, அதே முழி. ஐயோ, புஷ்பம்மா! ஹோம் கேட்டுலேர்ந்து ஸ்டாப்பிங் வரைக்கும் ஒவ்வொரு அடியா நடந்தே வந்திருக்காங்க. வழி முழுக்க தங்கச்சி திட்டிக்கிட்டே வந்திருப்பாங்க, சந்தேகமே வேணாம்.

இப்ப யோசிங்க தம்பிங்களா. பக்கத்துல மேனேஜர். இன்னும் தாம்பரம் ஒண்ணுதான் பாக்கி. டயத்துக்குப் போய்ச் சேந்தா வண்டி நம்ம ரூட்டுக்கு உறுதி. புஷ்பம்மா ஏறணும்னா பலகை போடணும், மெதுவா ஏறணும், உக்கார வெக்கணும். "பின்னாடி வர்ற வண்டில வாங்கம்மா"ன்னு சொன்னா கேக்கற ஆளுங்கதான். ஆனா பின்னாடி வர்ற வண்டிக்கு மூணு படி இருக்கு. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பட்டனைத் தட்டினேன். அருள் நான் சொல்றதுக்கு முன்னாடியே பலகையோட எறங்கிட்டான்.

ரெண்டு ஆளுங்க கை குடுக்கப் போனாங்க. புஷ்பம்மா வேணாம்னு தலையாட்டிட்டாங்க. வாக்கரை ஒரு எட்டு வெச்சாங்க, நின்னாங்க. இன்னொரு எட்டு. பின்னால ஹாரன் அடிக்குது. ரஞ்சிதம்மா, "அக்கா, முடியலன்னா சொல்லு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு திட்டாம மெல்லமா சொன்னாங்க.

"சும்மா இருடி. இவ்ளோ பெரிய வண்டியே எனக்காக முட்டி போட்டு நிக்குது, நான் நாலு எட்டு வைக்க மாட்டேனா?"

வெச்சாங்க! பஸ் முழுக்க கை தட்டுது, கத்துது, நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு குழந்தை மாதிரி அழறேன். சீட்ல உக்காந்ததும் மேனேஜர் திரும்பி, "எங்கம்மா போகணும்?"னு கேட்டார். "எங்கயும் இல்ல. தாம்பரம் வரைக்கும் போய்ட்டு இதே வண்டில திரும்பிடுவேன். ரோட்டைப் பாத்து எட்டு மாசம் ஆச்சு"ன்னாங்க.

தாம்பரம் போய்ச் சேரும்போது ஏழு நிமிஷம் லேட். நான் எறங்கி மேனேஜர் முன்னாடி போய் நின்னேன். அவர் பேப்பர்ல, தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். போக்குவரத்து நெரிசல், வண்டி பழுது, ஊர்வலம், இதைத் தவிர அந்தக் கட்டத்துல வேற எதையும் யாரும் எழுதி நான் பாத்ததில்ல. அவர் வண்டிக்குள்ள உக்காந்திருந்த புஷ்பம்மாவை ஒரு தடவை திரும்பிப் பாத்தார். அப்புறம் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் கிட்ட நீட்டினார். வண்டி இன்னிக்கும் அதே ரூட்லதான் ஓடிக்கிட்டு இருக்கு, அந்தப் பேப்பரோட நகல் என் பீரோவுல இருக்கு. அதுல எழுதியிருக்கறது ரெண்டே வார்த்தை: பயணி ஏறினார்.